பக்கத்து வீட்டுப் பாட்டி எந்த அறையில் தூங்குகிறார்?

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. இதற்குப் பாடநூலில் விடை கிடையாது. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது.

உங்கள் வீட்டுக்கு இடப்பக்க வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களில் மாடிப்படி ஏற முடியாதவர் யாரேனும் உண்டா? இரவில் அவர் எந்த அறையில் தூங்குகிறார்?

"இதெல்லாம் நமக்கெதற்கு? அடுத்த வீட்டுக் கதை!" என்று உங்கள் அம்மா கூடச் சொல்லக்கூடும். ஆனால், இந்தக் கேள்விக்கு ஊரில் பலருக்கும் விடை தெரிந்திருந்தது பெரிதும் உதவியதால், இடிந்த வீடுகளுக்குள் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை ஓர் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் வெளியே எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஜப்பானில் இருக்கிறது. அதன் கதையில் நம் தாமானுக்கும் பாடம் உண்டு.

விடியுமுன் 20 விநாடி

1995ஆம் ஆண்டு ஜனவரி 17. அதிகாலை மணி 5.46. குளிர்காலம் என்பதால் இன்னும் இருட்டு. பெரும்பாலோர் போர்வைக்குள் இருந்த நேரம். ஜப்பானின் கோபே நகருக்கு அருகே, அவாஜி தீவின் வட முனையை ஒட்டி நிலம் அதிர்ந்தது. ஜப்பானிய அளவீட்டில் 7.3, அனைத்துலக அளவில் இன்று பயன்படும் அளவீட்டில் 6.9. கடுமையான குலுக்கல் ஏறத்தாழ 20 விநாடிதான். அதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் முற்றாகச் சிதைந்தன. மாண்டவர்கள் 6,434 பேர்.

அவர்களில் மிகப் பலரைக் கொன்றது, தலைக்கு மேலே இருந்த கூரை. அப்பகுதியின் பழைய மர வீடுகளுக்குச் சூறாவளியைத் தாங்குவதற்காகக் கனமான ஓடு வேய்ந்திருந்தார்கள். காற்றுக்கு அது நல்லது. ஆனால், நிலம் பக்கவாட்டில் ஆடும்போது என்ன நடக்கும்? நியூட்டனின் இரண்டாம் விதியை நினைத்துப் பாருங்கள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. கூரை எவ்வளவு கனமோ, அதைத் தாங்கும் தூண்களின் மேல் விழும் பக்கவாட்டு விசையும் அவ்வளவு பெரிது. தூண்கள் சாய்ந்தன, கூரை அப்படியே கீழே இறங்கியது, தரைத்தளத்தில் தூங்கியவர்கள் அடியில் சிக்கினார்கள்.

அவாஜி தீவில் ஹொக்குடான் என்றொரு சிற்றூர். நிலநடுக்கத்தை உண்டாக்கிய நொஜிமா நிலப்பிளவு இந்த ஊர் வழியாகவே செல்கிறது. வயல் வரப்பும் வேலியும் ஒரு மீட்டருக்கும் மேல் விலகிப்போன தடத்தை இன்றும் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதாவது, அதிர்ச்சியின் வாசலிலேயே இருந்த ஊர் அது.

அங்கு ஏறத்தாழ 300 பேர் இடிபாடுகளில் சிக்கினார்கள். ஊரின் தன்னார்வத் தீயணைப்பு அணியில் இருந்தவர்கள் வேறு வேலை பார்ப்பவர்கள். விவசாயிகள், மீனவர்கள், கடைக்காரர்கள். அவர்களும் அண்டை வீட்டாரும் உடனே வேலையில் இறங்கினார்கள். இடிந்த வீட்டின் முன் நின்று, "இந்த வீட்டுப் பாட்டி பின்பக்க அறையில்தான் படுப்பார், இங்கே தோண்டுங்கள்" என்று சொல்ல அங்கே ஆள் இருந்தது. வீடு முழுவதையும் கிளறத் தேவையில்லை. ஓர் அறையின் அளவுக்குத் தோண்டினால் போதும். அன்று மாலைக்குள் ஊரில் தேட வேண்டியவர் யாரும் மிச்சமில்லை. அந்த ஊர் 39 பேரை இழந்தது. தேடல் அடுத்த நாளுக்கு நீண்டிருந்தால் இழப்பு இன்னும் கூடியிருக்கும்.

இங்கே ஓர் அறிவியல் எச்சரிக்கை. ஹொக்குடானையும் கோபே நகரையும் நேரடியாக ஒப்பிட்டு, "அக்கம்பக்கப் பழக்கம் ஒன்றே காரணம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆய்வறிக்கையில் மாறிகளைப் பற்றி எழுதுவீர்கள் அல்லவா? இங்கும் மாறிகள் பல. ஊர் சிறியது, கோபேயில் பரவியதைப் போன்ற பெருந்தீ அங்கே பரவவில்லை. இவையும் உதவின. ஆயினும், எங்கே தோண்டுவது என்று தெரிந்திருந்ததால் நேரம் மிச்சமானது என்பதில் ஐயமில்லை.

காப்பாற்றியது யார்?

கோபே வட்டாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், தாமாக வெளிவர முடியாமல் சிக்கியவர்கள் ஏறத்தாழ 35,000 பேர் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் தீயணைப்புப் படை, காவல் படை, தற்காப்புப் படை மூன்றும் சேர்ந்து மீட்டவர்கள் சுமார் 8,000 பேர். குடும்பத்தாரும் அண்டை அயலாரும் மீட்டவர்கள் சுமார் 27,000 பேர். நான்கில் மூன்று பங்குக்கும் மேல்!

படைவீரர்கள் மெத்தனமாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சாலைகள் பிளந்தன, மேம்பாலச் சாலையே சாய்ந்தது. நிலத்தடிக் குழாய்கள் உடைந்ததால் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து ஒரே நொடியில் உதவிக்குரல் எழுந்தது. எந்த நாட்டின் படையும் அத்தனை வாசலிலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கற்பனைத் தாமானில் 1,000 வீடுகள். வெள்ளம் ஏறுகிறது. மீட்புப் படகுகள் 10. ஒரு படகு ஒரு நடைக்கு இரண்டு குடும்பங்களை ஏற்றும். போய்வர அரை மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 10 படகுகளும் சேர்ந்து 40 குடும்பங்களை மீட்கும். 1,000 குடும்பங்களுக்கு 25 மணி நேரம் ஆகும்! கடைசிக் குடும்பம் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிக் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுவோம். தண்ணீர் கணுக்காலைத் தொடுமுன்பே, 600 குடும்பங்கள் அக்கம்பக்கத்தார் துணையோடு மேட்டிலுள்ள பள்ளிக்கோ, உறவினர் வீட்டுக்கோ போய்விட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 400. அவர்களுக்கு 10 மணி நேரம் போதும். படகு ஒன்றுகூடக் கூடவில்லை. காத்திருப்பு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

நேரத்தை ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம்? கோபேயில் முதல் நாள் மீட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் உயிரோடிருந்தனர். இரண்டாம் நாள் அது நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. நான்காம் நாள் ஏறத்தாழ இருபதில் ஒருவர்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது? மார்பின் மேல் பாரம் அழுத்தினால் நுரையீரல் விரிய இடமில்லை. மூச்சு சில நிமிடங்களில் நின்றுபோகலாம். மார்புக்குப் பாரம் இல்லாமல் கால் மட்டும் மாட்டிக்கொண்டால் உயிர் இருக்கும். ஆனால், மணிக்கணக்கில் நசுங்கிய தசை செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியமும் மையோகுளோபின் என்னும் புரதமும் வெளியே கசியத் தொடங்கும். பாரத்தைத் தூக்கிய மறுகணம் இரத்த ஓட்டம் திரும்பும். தேங்கிய பொட்டாசியம் மொத்தமாக இதயத்தை நோக்கி ஓடும். இதயத்துடிப்பு தடுமாறும். மையோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். மருத்துவர்கள் இதை நசுங்கல் நோய்க்குறி என்கிறார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வந்தவர் சிறிது நேரத்தில் சரிந்து விழுவது இதனால்தான். ஆகவே, நெடுநேரம் நசுங்கிக் கிடந்தவரை மீட்கும்போது மருத்துவ உதவி அருகில் இருக்க வேண்டும். "எத்தனை மணியிலிருந்து சிக்கியிருக்கிறார்?" என்பதை மருத்துவரிடம் சொல்லக்கூடியவரும் அநேகமாக அண்டை வீட்டுக்காரர்தான்.

அன்று கோபே மக்கள் கையில் பெரிய இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. கார் டயர் மாற்றும் ஜாக், கடப்பாறை, ரம்பம், வெறுங்கை. நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? 1.5 மீட்டர் நீளக் கடப்பாறையில், பாரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கல்லை ஆதாரமாக வையுங்கள். உங்கள் பக்கம் 135 சென்டிமீட்டர். 135ஐ 15ஆல் வகுத்தால் 9. நீங்கள் 40 கிலோ எடைக்கு ஈடான விசையோடு அழுத்தினால், மறுமுனையில் 360 கிலோவை அசைக்கலாம். ஆர்க்கிமிடீஸ் சொன்ன தத்துவம் ஒரு தாத்தாவின் தோட்டச் சாமான் அறையில் கிடக்கிறது. ஆனால், அந்தக் கடப்பாறை எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!

நம் பக்கம் வருவோம்

"நம் நாட்டில் அப்படிப்பட்ட நிலநடுக்கம் இல்லையே" என்று நீங்கள் நினைக்கலாம். சபாவில் 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி ரானாவ் வட்டாரம் அதிர்ந்து, கினபாலு மலையில் 18 பேர் மாண்டதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். மலையில் சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ஏறுநர்களைப் பத்திரமாகக் கீழே அழைத்து வந்ததில் உள்ளூர் மலை வழிகாட்டிகளின் பங்கு பெரிது. பாதை சிதைந்த பிறகும் எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதுவும் ஹொக்குடானின் அறிவுதான்.

தீபகற்பத்தில் நம்மை அடிக்கடி சோதிப்பது தண்ணீர். 2021 டிசம்பர் நடுவில் ஒரு வெப்பமண்டலத் தாழ்வழுத்தம் குவாந்தான் அருகே கரையேறியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதம் முழுவதும் பெய்யும் அளவு மழை ஏறத்தாழ ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் இரவைக் கழித்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருள் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அரசுப் படகுகளோடு, சொந்தப் படகும் கயாக்கும் கொண்டு வந்த பொதுமக்களும் மீட்புப் பணியில் இறங்கினார்கள்.

மழைக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 200 மில்லிமீட்டர் மழையில், 100 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு வரிசை வீட்டின் மேல் மட்டும் 20,000 லிட்டர் விழும். அதாவது 20 டன். ஒரு சதுர கிலோமீட்டர் தாமானுக்கு 20 கோடி லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 80! மண் இருந்தால் ஒரு பங்கை உறிஞ்சும். தாரும் சிமெண்டும் உறிஞ்சாது. எல்லாம் ஒரே நேரத்தில் கால்வாயை நோக்கி ஓடும்.

தண்ணீரில் இறங்காதே என்பது ஏன்?

அக்கம்பக்கத்தார் உதவுவது என்றதும், இடுப்பளவு வெள்ளத்தில் குதிக்கும் வீரக்காட்சி மனத்தில் வரலாம். வேண்டவே வேண்டாம். காரணம் இதோ.

ஓடும் நீர் தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. அரை மீட்டர் ஆழத்தில், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் உங்கள் கால்களை ஏறத்தாழ 75 நியூட்டன் விசையோடு தள்ளும், தாங்கிக்கொள்ளலாம். அதுவே விநாடிக்கு 2 மீட்டர் ஆனால் 300 நியூட்டன். 30 கிலோ அரிசி மூட்டையின் எடை முழுவதும் பக்கவாட்டில் உங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பதற்கு ஈடு. போதாக்குறைக்கு, நீரின் மிதப்பு விசை உங்களைத் தூக்குவதால் பாதத்தின் பிடியும் தளரும்.

காரில் இருந்தால்? சிறிய காரின் அடிப்பரப்பை 6 சதுர மீட்டர் என்று கொள்வோம். அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் நீருக்கும் 600 கிலோ மிதப்பு விசை கிடைக்கும். 1,000 கிலோ காரைத் தூக்க 17 சென்டிமீட்டர் போதும். ஒரு சாணுக்கும் குறைவு! அதாவது தண்ணீர் முழங்காலைத் தொடும்போதே கார் தன் பிடியை இழந்து படகாகத் தொடங்கும். அந்தப் படகில் சுக்கானும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது.

வெள்ளநீரில் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. மூடி திறந்த சாக்கடை, மின்கசிவு, எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி. ஆக, அண்டை வீட்டாரால் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி தண்ணீர் வந்த பிறகு நீந்துவதல்ல. வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் கதவைத் தட்டுவது.

தவளை சொல்லிக் கொடுத்த பாடம்

கோபே மக்கள் 1995க்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தொடக்கப்பள்ளி வட்டாரத்தையும் ஓர் அலகாகக் கொண்டு குடியிருப்பாளர் குழுக்களை அமைத்தார்கள். பேரிடர்ப் பயிற்சியையும் முதியோர் நலனையும் ஒரே குழு கவனிக்கிறது. ஏன் இந்தச் சேர்க்கை? மாதந்தோறும் பாட்டியை நலம் விசாரிக்கப் போகிறவருக்குத்தானே அவர் எந்த அறையில் படுக்கிறார் என்று தெரியும்!

பயிற்சி என்றால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்பதற்கும் ஒரு வழி கண்டார்கள். நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டான 2005இல் 'தவளைக் கேரவன்' என்ற விழா தொடங்கியது. பிள்ளைகள் தங்கள் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து வேறு பொம்மைகளாக மாற்றிக்கொள்ளலாம். நடுவே தவளைப் படத்தைக் குறிவைத்துத் தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சும் போட்டி, போர்வையால் தூக்குக்கட்டில் செய்து தவளைப் பொம்மையைத் தூக்கி ஓடும் போட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றும் போட்டி. வீட்டுக்குப் போகும்போது கையில் பொம்மை, தலையில் பயிற்சி.

நம்மிடமும் அடித்தளம் இல்லாமல் இல்லை. ருக்குன் தெதாங்கா அமைப்பு 1975 முதல் இருக்கிறது. பொதுத் தற்காப்புப் படையும் தீயணைப்பு மீட்புத் துறையும் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் பந்தல் போட, பாத்திரம் தூக்க, பண்டம் பகிர நமக்குத் தெரியும். அதே கைகளுக்கு மழைக்காலத்திலும் வேலை கொடுத்தால் போதும்.

இந்த வார விடுமுறையில் நீங்கள் செய்யக்கூடியவை

1. வரைபடம் போடுங்கள். உங்கள் வரிசையிலுள்ள வீடுகளை ஒரு தாளில் வரையுங்கள். எது மாடி வீடு? எந்தப் பக்கம் தாழ்வான நிலம்? நடந்து போகக்கூடிய மேடான கட்டடம் எது? உயரத்தை அறிய, மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் வேண்டாம்.

2. கேட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு இருபுறமும் இரண்டிரண்டு வீடுகளுக்குப் போங்கள். "அத்தை, அவசரம் என்றால் யார் கதவைத் தட்ட வேண்டும்? மருந்து எதுவும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டியிருக்கிறதா?" இன்சுலின், சிறுநீரகச் சுத்திகரிப்பு, சக்கர நாற்காலி, கைக்குழந்தை ஆகிய நான்கும் முக்கியம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். சொன்னவர் தகவலைப் புலனக்குழுவில் போடாதீர்கள். அது திருடனுக்கும் பயன்படும். ஒரே தாளில் எழுதி, எல்லாரும் நம்பும் ஒரு பெரியவரிடம் கொடுத்து வையுங்கள்.

3. மழைமானி செய்யுங்கள். நேரான பக்கங்களுள்ள ஒரு புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக்குங்கள். அடிப்பகுதி வளைந்திருந்தால் கூழாங்கல் இட்டு, நீர் ஊற்றி மட்டமாக்கி, அங்கிருந்து மில்லிமீட்டர் குறியிடுங்கள். திறந்த வெளியில் வையுங்கள். பள்ளி வகுப்பில் பத்துப் பேர் பத்து இடங்களில் வைத்தால் அது ஒரு கண்காணிப்பு வலை. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தைச் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு படியாக வெளியிடுகிறது. உங்கள் மழை அளவையும் அருகிலுள்ள ஆற்றின் மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்து வாருங்கள். மழைக்கும் ஆறு உயர்வதற்கும் இடையே எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பது தெரியவரும். அதுதான் உங்கள் தாமானின் கதவு தட்டும் நேரம்.

4. விழிப்பு நிலைக்கே முடிவு எழுதுங்கள். "ஆறு விழிப்பு நிலையைத் தொட்டால், இன்னார் இன்னார் வீட்டுக்குப் போவார்" என்று முன்கூட்டியே பெயர் போட்டு வையுங்கள். பதற்றத்தில் மூளை புதிய திட்டம் தீட்டாது, பழகியதைத்தான் செய்யும்.

5. கையில் வைத்திருங்கள். குடிநீர், கைவிளக்கு, மின்கலச் சேமிப்பான், மருந்து, அடையாள ஆவணங்கள். கை ஈரமில்லாமல், தரை உலர்ந்திருக்கும்போதே பெரியவரைக் கொண்டு பிரதான மின்விசையை அணைக்கச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

இந்தப் பட்டியலில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் ஒன்று கெட்டுப்போகும் பொருள்: தகவல். பக்கத்து வீட்டில் ஆள் மாறுவார்கள். பாட்டி மாடியிலிருந்து கீழறைக்கு மாறியிருப்பார். ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழை தொடங்குமுன், பட்டியலைப் புதுப்பியுங்கள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போகிற அன்று அதைச் செய்தால் வேலை ஒன்றாக முடியும்.

ஹொக்குடானில் அந்தக் காலையில் தோண்டியவர்கள் நிலநடுக்க வல்லுநர்கள் அல்லர். பக்கத்து வீட்டுக்கு எப்போதோ போய்வந்தவர்கள். இன்று மாலை பந்தாடப் போகும் வழியில், அந்த இடப்பக்க வீட்டுக் கதவருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். "பாட்டி, சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். மற்ற விடைகள் அங்கிருந்து வரும்.